அழைப்பு இன்னும் அண்ணையிடம்

எங்கள் ஆட்களுக்குப் பண்பாடு என்றால் ஒரு மண்டபம் வேண்டும், ஒரு மைக் வேண்டும், ஒரு பொன்னாடை வேண்டும். இந்த மூன்றும் இல்லாமல் ஒரு பாட்டு உயிரோடு இருக்கலாம் என்று சொன்னால் நம்பமாட்டார்கள். நான் சொல்லிப் பார்த்தேன். எங்கள் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சபைத் தலைவரான என் சொந்த அண்ணைக்கே சொன்னேன். கோபம் ஆறிய பிறகு இதை எழுதலாம் என்று இவ்வளவு நாளும் பொறுத்திருந்தேன். அது ஆறுவதாக இல்லை, அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன்.

எங்கள் கோயில் என்று சொல்லுகிறோமே தவிர, அது நாங்கள் கட்டிய கோயில் அல்ல. ஐரிஷ்காரர் கட்டியது. கால்வாய் வெட்டவும் பாலம் போடவும் மொன்ட்ரியாலுக்கு வந்த சனம் அது. கப்பலில் வந்த காய்ச்சலில் செத்தவர்களின் நினைவாகப் பாலத்தடியில் ஒரு கறுத்த பாறாங்கல் நிற்கிறது, அதன் இரண்டு பக்கமும் கார் ஓடிக்கொண்டிருக்கும். தப்பியவர்கள் உழைத்து இந்த நகரத்தில் கோயில்கள் கட்டினார்கள். எங்கள் கோயிலுக்குக் கீழே ஒரு மண்டபமும், மண்டபத்துக்குப் பின்னால் சமைக்க ஒரு குசினியும் வைத்தார்கள். பிறகு அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வீடுகளை விற்று வெளியே போக, பூசைக்கு இருக்கும் வாங்குகள் வெறுமையாக, அந்த வாங்குகளில் மன்னாரிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்த நாங்கள் இருந்தோம்.

ஞாயிறு காலை தமிழ்ப் பூசை. பூசை முடிந்து எங்கள் சனம் பார்க் எக்ஸ்டென்ஷன், மொன்ட்ரியால்-நோர் பக்கத்து வீடுகளுக்குக் கலைந்த பிறகு, இரண்டு மணிக்குக் குசினி ஐரிஷ்காரருக்கு. அதற்கு எழுத்தில் ஒன்றும் கிடையாது. நாங்கள் வருவதற்கு முன்பே அப்படித்தான் இருந்தது, நாங்கள் வந்த பிறகும் அப்படியே இருந்தது.

நான் ஒரு கார்டரியில், தாய் தகப்பன் வேலைக்குப் போகச் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கும் இடத்தில், சமைக்கிறவள். கிழமை முழுக்க அங்கே சட்டி கழுவினால், ஞாயிறில் கோயிலில் சட்டி கழுவுவதற்கும் என்னைத்தான் பிடிப்பார்கள். ஒருமுறை, பிள்ளைகள் முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல் நன்மைச் சாப்பாடு முடிந்து, எல்லோரும் போய்விட்டார்கள். நான் மட்டும் குசினியில் புரியாணி அடிப்பிடித்த கிடாரச் சட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டு நின்றேன். அப்போது நாலு கிழடுகள் கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள். என்னைப் பார்த்து ஒரு "ஹலோ", அவ்வளவுதான். குசினி மேசையைச் சுற்றிக் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்கள். ஒருவர் வயலினை எடுத்தார், ஒருவர் மரப் புல்லாங்குழலை எடுத்தார். ஒரு மனுசி, ஆர்மோனியம் குட்டி போட்டதுபோல இரண்டு கைக்குள்ளும் அடங்கும் ஒரு பெட்டியை எடுத்து மடியில் வைத்தார். கொன்சர்டினா என்பார்கள். நாலாமவர் வெறுங்கையோடு வந்திருந்தார். அவர் நேரே என்னிடம் வந்து, நான் கழுவி அடுக்கிய கரண்டிகளில் இரண்டை எடுத்து, முதுகோடு முதுகு வைத்து விரலிடுக்கில் பிடித்து, முழங்காலில் தட்டத் தொடங்கினார். பார்த்துப் பார்த்துக் கழுவிய கரண்டி. எனக்கு வாயில் நல்லதாக வந்தது. ஆனால் தாளம் அப்படியொரு தாளம், நான் வாயை மூடிக்கொண்டேன்.

வேக மெட்டுகள் கொஞ்சம் போன பிறகு வாத்தியங்களை மேசையில் வைத்துவிட்டுப் பாடத் தொடங்கினார்கள். மேடையில் பாடுவதுபோல இல்லை. ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு பாடுவார், மற்றவர்கள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். கைதட்டினால் முறைப்பார்கள். நான் முதல் நாள் தட்டி முறைப்பு வாங்கினேன். எல்லாம் அழுகைப் பாட்டு என்று நினைக்கவேண்டாம். கால்வாய்க்குள் தொப்பியை விழுத்திவிட்டு, அதைப் பிடிக்கப் போய் மற்றவனுடைய கல்யாணப் படகில் ஏறிவிட்ட ஒருவனைப் பற்றி ஒரு பகிடிப் பாட்டு உண்டு. அந்தப் பெட்டிக்கார மனுசி அதைப் பாடினால், கல்லும் சிரிக்கும். அவருடைய தகப்பன் துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். சனிக்கிழமைகளில் அவர்கள் வீட்டுக் குசினியில் கதவைக் கழற்றி வைத்துவிட்டு ஆடுவார்களாம், இடம் காணாது என்று.

இனித்தான் முக்கியமான விஷயம் வருகிறது. அவர்களிடம் ஒரு முறை இருக்கிறது. அதை அழைப்பு என்பார்கள். பாடி முடித்தவர்தான் அடுத்த ஆளைக் கூப்பிடவேண்டும். கூப்பிட்டால் மறுக்கக்கூடாது. பாட வராவிட்டால் ஒரு கதையாவது சொல்லவேண்டும். ஒருவர் பாதியில் சொல்லை மறந்தால் தெரிந்தவர் எடுத்து முடிக்கலாம், அப்போது முடித்தவரிடம் அழைப்புப் போய்விடும். அழைப்பு யாரிடம் இருக்கிறதோ அவர் வாய் திறந்து கூப்பிடும்வரைக்கும் வேறொருவரும் பாட்டை எடுக்கமுடியாது. வீட்டுக்காரனாக இருந்தாலும் முடியாது, பாதிரியாராக இருந்தாலும் முடியாது.

அன்றைக்கு அந்த மனுசி தொப்பிப் பாட்டைப் பாடி முடித்தார். சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு திரும்பி என்னைப் பார்த்தார். அவர் ஆங்கிலத்தில் சொன்னதை என் வாய்க்கு ஏற்றபடி எழுதுகிறேன்.

"பிள்ளை, இனி நீ."

"நான் சட்டி கழுவுறன்," என்றேன்.

"ஓம், தெரியுது. கழுவினபிறகு என்ன செய்வாய்? இந்த அறைக்குள்ள நிக்கிற ஆள்தானே நீ. பாடு."

நான் கை துடைக்கவும் இல்லை. பெரிய வெள்ளிக்கு முன்னால் வரும் தபசு காலத்தில் பாடும் ஒரு ஒப்பாரியை எடுத்தேன், மாதா செத்த மகனை மடியில் வைத்து அழுகிற பாட்டு. முதல் வரியை மெதுவாக எடுத்தேன், இரண்டாம் வரியில் குரலை விட்டேன். பாடுகிறவரின் கையைப் பிடித்துக்கொள்வது அவர்கள் வழக்கம், வயலின்காரர் என் கையைப் பிடித்தார். கை ஈரம் என்று நான் தலையாட்டிக் காட்டினேன், அவர் விடவில்லை. ஒரு சொல் விளங்காமல் நாலு பேரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். முடிந்ததும் ஒருவரும் கைதட்டவில்லை. மனுசி மட்டும், "இனி உன்னட்ட அழைப்பு, ஆரைக் கூப்பிடப்போறாய்?" என்று கேட்டார்.

இது ஏன் எனக்குப் பெரிய விஷயம் என்றால், எங்கள் பாடகர் குழுவில் நான் பின்வரிசை. அண்ணைதான் அப்படி வைத்தார். "உன்ர குரல் மைக்குக்கு ஒத்துவராது, கரகரக்குது. பின்னுக்கு நில். சத்தம் போடாமல் வாயை மட்டும் அசை," என்றார். எல்லோருக்கும் முன்னால் சொன்னார். நானும் வருசக்கணக்காக வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றேன். இதைச் சொன்ன மனிதர் யார் தெரியுமா? மன்னாரில் கோயில் திருநாளுக்குப் போடும் கூத்தில் ராசா வேசம் கட்டியவர். ராசா மேடைக்கு வரும்போது பாடும் வரவுப் பாட்டை அவர் எடுத்தால் கடற்கரை வரைக்கும் கேட்கும். பெண்பிள்ளைகளைக் கூத்துப் பழகும் இடத்துக்கு விடமாட்டார்கள், நான் வேலிக்கு வெளியே நின்று கேட்டேன். கனடாவுக்கு வந்த பிறகு அவர் ஒரு வரி பாடியதில்லை. பாட்டைப் பற்றிப் பேசுவார், மணிக்கணக்கில் பேசுவார். அழியாமல் காக்கவேண்டும் என்பார்.

ஆக, அந்த ஞாயிறிலிருந்து இரண்டு மணிக்கு நான் ஐந்தாம் ஆள். இந்த நகரத்தில் நான் வாய் திறந்து பாடும் இடம் அது ஒன்றுதான். அந்த மனுசிக்கும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. புருசன் செத்துத் தனியே இருக்கிறார். வீட்டில் பாடமாட்டாராம். "கூப்பிட ஒரு ஆள் இல்லாத இடத்தில எப்பிடிப் பாடுறது?" என்று கேட்டார். எனக்கு அது நன்றாக விளங்கியது.

எங்கள் சபை அவர்களைக் கவனிக்கவில்லை என்று சொல்லமுடியாது. கவனித்தார்கள், அதுதான் கேடு. ஒரு வருசம் எங்கள் பண்பாட்டு விழாவில் "ஐரிஷ் சகோதரர்களைக் கௌரவிப்போம்" என்று கிளம்பினார்கள். நாலு பேரையும் மேடையில் ஒரே வரிசையில், சனத்தைப் பார்த்து இருத்தினார்கள். ஆளுக்கொரு பொன்னாடை. மூக்குக்கு முன்னால் மைக். அந்த மனுசி பெட்டியை மடியில் வைத்தபடி இடமும் வலமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மற்றவர்களின் முகம் தெரியாமல் அவருக்குத் தொடங்கத் தெரியவில்லை. வயலின்காரர் ஒரு மெட்டைத் தொடங்க, குழல்காரர் வேறொன்றைத் தொடங்கினார். அறிவிப்பாளர் ஓடிவந்து, "மிக்க நன்றி, அடுத்து பரதநாட்டியம்," என்று சொல்லிவிட்டார். மனுசி மேடையிலிருந்து கீழே வந்தார். பொன்னாடையை மடித்து, அந்தக் கிழமையிலிருந்து பெட்டியைச் சுற்றிக் கட்டிக்கொண்டு வந்தார். நல்ல சரிகை, பனிக்கு இதமாக இருக்குதாம்.

இப்படியே போயிருந்தால் நான் ஏன் எழுதப்போகிறேன். போன வருசம் குளிர் தொடங்கும் நேரத்தில் அண்ணைக்கு ஒரு யோசனை வந்தது. குசினியையும் அதை ஒட்டிய சின்ன அறையையும் "பண்பாட்டு அறை" ஆக்கவேண்டுமாம். ஞாயிறு பின்னேரங்களில் அங்கே விழாவுக்கான ஒத்திகை நடக்குமாம். எங்கள் பிள்ளைகள் பிரெஞ்சு மட்டும் பேசுகிறார்கள், தமிழும் கலையும் அழிகிறது, ஒரு இடம் இல்லாமல் எப்படிக் காப்பது என்று கேட்டார்.

நான் அவர் வீட்டுக்கே போனேன். "அண்ணை, ரெண்டு மணிக்கு அங்க ஆக்கள் இருக்கினம்," என்றேன்.

"ஆர், உந்த நாலு கிழடுகளோ? நாலு பேருக்கு ஒரு குசினியோ?"

"அவையின்ர கோயில். நாங்கள் வந்த புதுசில ஆர் எங்களுக்கு மண்டபம் தந்தது? எங்கட முதல் செத்தவீட்டுக்கு ஆற்ற கேத்தில்ல தேத்தண்ணி வைச்சனாங்கள்?"

"அதுக்குத்தானே கௌரவிச்சனாங்கள்."

அந்தப் பதிலைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, மேசையில் இருந்த தேத்தண்ணியை ஊற்றாமல் வந்தது பெரிய காரியம். யாழ்ப்பாண நூலகத்தை எரித்தார்கள் என்று வருசா வருசம் மெழுகுதிரி கொளுத்தும் சனம் நாங்கள். மொழி போனால் எல்லாம் போச்சு என்று கத்தும் சனம் நாங்கள். இன்னொருவனுடைய பாட்டு இருக்கும் குசினியைப் பூட்டுவதற்கு எங்களுக்குக் கொஞ்சம்கூடக் கூச்சமில்லை. பாதிரியாரிடம் போனேன். அவர், "சபை கூடி முடிவெடுக்கட்டும்," என்று நழுவிவிட்டார்.

சபை பூசைக்குப் பிறகு கூடியது. சம்பந்தப்பட்டவர்களும் வரலாம் என்றபடியால் நாலு பேரும் வந்து பின்வரிசையில் இருந்தார்கள். நான் அவர்களுக்குப் பக்கத்தில் இருந்தேன். அண்ணை முன்னுக்கு நின்று பண்பாட்டைப் பற்றிப் பேசி முடித்தார். ஐரிஷ்காரர் ஏதும் சொல்ல விரும்பினால் சொல்லலாம் என்றார். மனுசி எழும்பினார்.

"எனக்குப் பேச்சு வராது," என்றார். "நாங்கள் அந்தக் குசினியில செய்யிறதைச் செய்து காட்டுறன்."

தொப்பிப் பாட்டைப் பாடினார். எங்கள் சனம் முதலில் நெளிந்தது, பிறகு சிரித்தது, கல்யாணப் படகு வந்த இடத்தில் ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். பாடி முடித்துவிட்டு அந்த மனுசி கையை நீட்டி அண்ணையைக் காட்டினார்.

"இனி அவர்."

நான் எழும்பி, முறை என்ன என்று தமிழில் எல்லோருக்கும் விளங்கப்படுத்தினேன். கூப்பிட்டால் பாடவேண்டும், பாடினால் அடுத்த ஆளைக் கூப்பிடவேண்டும். சபை முழுக்கத் திரும்பி அண்ணையைப் பார்த்தது.

"எனக்குப் பாட வராது," என்றார் அண்ணை.

பச்சைப் பொய். கோயிலுக்கு அடியில் நின்றுகொண்டு சொன்ன பொய். எனக்குத் தலைக்குள் ஏதோ கிளம்பியது. என்னை ஒருவரும் கூப்பிடவில்லை என்பதையும் பார்க்காமல், நான் அவருடைய ராசா வரவுப் பாட்டை எடுத்தேன். வேலிக்கு வெளியே நின்று கேட்ட பாட்டு. ஆண்பிள்ளைக்குரிய பாட்டை, மைக்குக்கு ஒத்துவராத கரகரத்த குரலில், சத்தமாகப் பாடினேன். அவரை வெட்கப்படுத்தத்தான் பாடினேன், அதில் எனக்கு ஒளிப்பு மறைப்பு இல்லை. ஆனால் பாதிக்குமேல் எனக்குத் தெரியாது. அந்த இடத்தில்தான் ஒவ்வொரு நாளும் என்னைக் கண்டுபிடித்து வேலியிலிருந்து துரத்துவார்கள். நின்றுபோனேன்.

அண்ணை எடுத்தார். எப்படித் தொடங்கினார் என்று அவருக்கே தெரிந்திருக்காது. தோள் பின்னுக்குப் போனது, வலது கால் முன்னுக்கு வந்தது, குரல் எழும்பியது. வயதுக்கு அது கொஞ்சம் உடைந்திருந்தது. உடைந்ததால் இன்னும் நன்றாக இருந்தது. சபையில் ஒருவர் தொப்பிப் பாட்டிலிருந்தே போனைத் தூக்கிப் படம் பிடித்துக்கொண்டிருந்தார். முடிந்தபோது சனம் எழும்பி நின்று கைதட்டியது. அண்ணையின் கண் கலங்கியிருந்தது. எனக்கும் கலங்கியது, ஏன் பொய் சொல்லவேண்டும். சரி, இனி விளங்கிவிடும் என்று நினைத்தேன்.

அண்ணை மூக்கைச் சிந்தினார். "இதுக்குத்தான், இதைக் காப்பாத்தத்தான் எங்களுக்கு அந்த அறை வேணும்," என்றார். "ஆதரிக்கிற ஆக்கள் கையைத் தூக்குங்கோ."

தூக்கினார்கள். சிரித்து வயிற்றைப் பிடித்தவளும் தூக்கினாள். அண்ணையும் தூக்கினார்.

சனம் தேத்தண்ணிக்கு எழும்பியது. பெட்டிக்கார மனுசி மட்டும் எழும்பவில்லை. "அழைப்பு அவரிட்ட இருக்கு," என்றார் என்னிடம். "அவர் இன்னும் ஒருத்தரையும் கூப்பிடேல்லை." நான் சனத்தை இடித்துக்கொண்டு போய் அண்ணையிடம் சொன்னேன். அவர் பிறகு பார்க்கலாம் என்பதுபோலக் கையை விசுக்கி, "பேந்து, பேந்து," என்றுவிட்டுப் போனார்.

அடுத்த ஞாயிறு குசினிக்குப் புதுப் பூட்டு.

அந்தக் குளிர்காலம் முழுக்க நாங்கள் இடம் தேடினோம். ஒரு கோப்பிக் கடையில் மூலையில் இருந்து வாசித்தோம், மற்ற வாடிக்கையாளருக்கு இடைஞ்சல் என்று மன்னிப்புக் கேட்டபடி நிறுத்தச் சொன்னார்கள். மனுசியின் வீடு மூன்றாம் மாடி. மொன்ட்ரியால் வீடுகளுக்கு வெளியே வளைந்து வளைந்து போகும் இரும்புப் படி, அதன்மேல் உறைபனி. வயலின்காரரின் முழங்கால் முதல் வளைவிலேயே மறுத்துவிட்டது. என் வீட்டில் வைக்கலாம் என்றால், கீழ்வீட்டுக்காரர் இரவு வேலை, பகலில்தான் நித்திரை. கடைசியில் வயலின்காரர் இருக்கும் முதியோர் விடுதியின் கூடத்தில் இருந்தோம். தொலைக்காட்சி கேட்கவில்லை என்று அங்கிருந்தவர்கள் முணுமுணுக்க, மெதுவாக வாசித்தோம்.

வாசித்தோம், அவ்வளவுதான். பாட்டு இல்லை.

"ஒரு பாட்டுச் சொல்லுங்கோவன்," என்று நான் மனுசியிடம் கேட்டேன்.

"எப்பிடி? அழைப்பு உன்ர அண்ணையிட்ட எல்லோ இருக்கு."

"அதை விடுங்கோ. அவருக்கு உது விளங்காது. புதுசாத் தொடங்குவம்."

பூசையை நடுவிலிருந்து தொடங்கலாம் என்று நான் சொன்னதுபோல என்னைப் பார்த்தார். "என்ர அப்பா செத்தண்டைக்கு அழைப்பு என்ர சித்தப்பாவிட்ட இருந்தது," என்றார். "அவர் கோவிச்சுக்கொண்டு போயிட்டார். அவரைத் தேடிப் பிடிச்சுக் கூப்பிடவைச்ச பிறகுதான் அந்த வீட்டில பாடினது. அது விளையாட்டு இல்லைப் பிள்ளை. அதை விட்டால் பேந்து ஆரும் ஆரையும் கூப்பிடத் தேவையில்லை. அவனவன் தனக்குப் பாடிக்கொண்டு போகலாம்."

அவருடைய குரல் அந்தக் குளிரில் உள்ளுக்குள் போய்க்கொண்டிருந்தது. பேசும்போதே மூச்சு வாங்கியது. இன்னொரு குளிர்காலம் இவருக்குப் பாட்டு இருக்குமா என்று எனக்குப் பயம் பிடித்தது. நான் அண்ணைக்குப் போன் எடுத்தேன். ஒருமுறை அல்ல. ஒவ்வொரு முறையும், "விழா வேலை தலைக்குமேல கிடக்கு, விசர்க்கதை கதைக்காதை," என்றார்.

ஒரு ஞாயிறு இரண்டு மணிக்கு நான் வேண்டுமென்றே கோயிலுக்குப் போனேன். குசினிக் கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. உள்ளே எட்டிப் பார்த்தேன். நடன உடுப்புப் பெட்டிகள், சுருட்டி வைத்த பதாகைகள், உடைந்த கதிரை. மேசையின்மேலும் பெட்டிகள். ஒத்திகையும் இல்லை, ஒருவரும் இல்லை. பிறகு கேட்டால், ஒத்திகைக்குச் சனிக்கிழமைகளில் பெரிய மண்டபம்தான் வசதியாம். அந்த மனுசியின் ஞாயிறை எடுத்து இவர்கள் பெட்டி அடுக்க வைத்திருக்கிறார்கள். அந்தக் கண்ணாடியை உடைக்காமல் வீட்டுக்கு வந்தேன்.

வசந்தத்தில், ஒரு சனிக்கிழமை பின்னேரம் விழா வந்தது. நான் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போனேன். அண்ணைக்குப் பெரிய சந்தோசம். "எங்கட ஐரிஷ் நண்பர்கள்" என்று முன்வரிசையில் இருத்தினார். விளக்கை அணைத்தார்கள். திரையில் அண்ணை வந்தார், கூட்டத்தில் எடுத்த அந்தப் படம். தோள் பின்னுக்குப் போகிறது, கால் முன்னுக்கு வருகிறது, குரல் எழும்புகிறது. நான் பாடிய பாதி இல்லை. மனுசியின் தொப்பிப் பாட்டும் இல்லை, அவர் கை நீட்டிக் கூப்பிட்டதும் இல்லை. அண்ணை தானாகவே ஞானம் வந்து பாடியதுபோல வெட்டி ஒட்டியிருந்தார்கள். கீழே பெரிய எழுத்தில், "அழியாமல் காப்போம்." எனக்குக் காது சுட்டது.

பாட்டு முடிந்து வெளிச்சம் வந்தது. அண்ணை மேடையில் மைக்கோடு நின்றார். பெட்டிக்கார மனுசி முன்வரிசையில் எழும்பி நின்று, மூச்சு வாங்க, ஆனால் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"அழைப்பு உங்களிட்ட இருக்கு."

அறிவிப்பாளருக்கு விளங்கவில்லை. பாராட்டுகிறார் என்று நினைத்து, "எமது ஐரிஷ் அன்னைக்கு ஒரு பலத்த கரகோசம்," என்றார். சனம் தட்டியது. அண்ணை கும்பிட்டார். மனுசி திரும்பக் கதிரையில் இருந்தார். பிறகு என்னென்னவோ ஆட்டமும் பேச்சும் போயின, நான் ஒன்றும் பார்க்கவில்லை.

விழா முடிந்தது. சனம் சாப்பாட்டுப் பொதியோடு வெளியேறியது. தொண்டர்கள் கதிரைகளை மடித்து அடுக்கத் தொடங்கினார்கள். முன்வரிசையில் நாலு பேரும் அசையவில்லை. பெட்டி, வயலின், குழல், கரண்டி எல்லாம் மடியில். அவர்களைச் சுற்றிக் கதிரைகள் குறைந்துகொண்டே வந்து, கடைசியில் வெறும் மண்டபத்தின் நடுவில் ஐந்து கதிரை மிஞ்சியது. ஐந்தாவதில் நான்.

அண்ணை சாவிக்கொத்தோடு வந்தார். "உவை ஏன் இன்னும் இருக்கினம்? பூட்டவேணும்."

"நீங்கள் கூப்பிடும்வரைக்கும் இருப்பினம்."

"என்னத்துக்குக் கூப்பிட?"

"கூட்டத்தில பாடி முடிச்சது நீங்கள். முடிச்ச ஆள் அடுத்த ஆளைக் கூப்பிடவேணும். அண்டையிலிருந்து இவையில ஒருத்தரும் பாடேல்லை. இந்த மனுசி ஒரு குளிர்காலம் முழுக்க வாய் திறக்கேல்லை."

அண்ணை சிரித்தார். வேறு ஒருவரும் சிரிக்கவில்லை. "விசரே உவைக்கு? சும்மா பாடவேண்டியதுதானே."

அதோடு எனக்கு எல்லாம் அறுந்தது. "அண்ணை, நீங்கள் ராசாவா நிண்டு பாடேக்க, நீங்கள் முடிச்சு மந்திரியைக் கூப்பிடாமல் மந்திரி வாய் திறந்தவனோ? விடிய விடிய நிண்டாலும் திறந்தவனோ? அங்க உங்களுக்கு அது முறை. இஞ்ச இது விசர். படத்தில வெட்டி ஒட்டி வைச்சிருக்கிறியளே, அந்தப் பாட்டை உங்களிட்டயிருந்து வெளியில எடுத்தது ஆர்? உங்கட பண்பாட்டு அறையோ? உந்தக் கிழவி. அவ கூப்பிட்டபடியால் பாடினீங்கள். நீங்கள் இந்த நாட்டில பாடினது அந்த ஒருக்கால்தான்."

கதிரை அடுக்கியவர்கள் நின்றுவிட்டார்கள். அண்ணை என்னைப் பார்க்கவில்லை. மடித்த கதிரை ஒன்றை எடுத்து விரித்து, எங்களுக்கு முன்னால் போட்டு இருந்தார். மனுசியைப் பார்த்தார், வயலின்காரரைப் பார்த்தார். அவரைத்தான் கூப்பிடப்போகிறார் என்று நினைத்தேன். சாவிக்கொத்தைக் கைக்குள் உருட்டிக்கொண்டு சொன்னார்.

"நீ பாடு, தங்கச்சி."

சந்தோசப்படவேண்டிய நேரம்தான். எனக்குக் கோபம்தான் வந்தது. "பின்னுக்கு நிண்டோ, முன்னுக்கு நிண்டோ?" என்று கேட்டேன்.

அவர் தலை குனிந்தது. "நிக்கிற இடத்தில நிண்டு பாடு."

கூப்பிட்டால் மறுக்கக்கூடாது. ராசா வரவையே எடுத்தேன். இந்த முறை நிற்கவில்லை. அவருடைய படத்தைச் சனம் அந்தக் குளிர்காலம் முழுக்க மாறி மாறி வாட்ஸ்அப்பில் அனுப்பியதில் மிச்சப் பாதி எனக்குப் பாடமாகிவிட்டது. ஒரு சொல் விடாமல், கரகரத்த குரலால், மைக் இல்லாமல் பாடி முடித்தேன். ஒருவரும் கைதட்டவில்லை. தொண்டர்களும் தட்டவில்லை, அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியாது.

இப்போது அழைப்பு என்னிடம். மனுசி பெட்டியைச் சுற்றியிருந்த பொன்னாடையை அவிழ்த்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்கள்," என்றேன். "ஆனா இஞ்ச இல்லை. குசினியில."

மனுசி பெட்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழும்பி, மெதுவாக நடந்துபோய், பூட்டிய குசினிக் கதவுக்கு முன்னால் நின்றார். மற்ற மூன்று பேரும் பின்னால் போய் நின்றார்கள். நான் அண்ணையைப் பார்த்தேன்.

"கதவைத் திறவுங்கோ. அவவைக் கூப்பிட்டாச்சு."

அண்ணை எழும்பிப் போனார். ஒரு சாவியைப் போட்டுத் திருப்பினார், திறக்கவில்லை. இன்னொன்றைப் போட்டார். அதுவும் இல்லை. கொத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எது எண்டு தெரியேல்லை," என்றார். "நான் ஒருநாளும் திறக்கேல்லை."

கொத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினேன். ஒவ்வொன்றாகப் போட்டுத் திறந்தேன், மனுசி உள்ளே போய் உடுப்புப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று பாடினார். சாவிக்கொத்தை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.